எடைமேடைக்குப் பின்னால் தோண்டியது

லாரி இல்லாத மேடையில் எடை ஏறியது. இந்தக் கோடையில்தான்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டோரம் ஒரு எடைமேடை. அங்கே எனக்கு வேலை. கருவேல விறகு, மூட்டக்கரி, வத்தல், பருத்தி, கிராவல் மண் என்று லோடு வரும். வண்டி மேடையில் ஏறி நிற்கும். அறைக்குள் ஒரு பெட்டியில் சிவப்பு எழுத்தில் எடை தெரியும். பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு வயர் போகிறது. சீரியல் கேபிள் என்பார்கள். பெட்டி சொல்வதை அந்த வயர் வழியாகக் கம்ப்யூட்டர் கேட்டுக்கொள்ளும். நான் வண்டி நம்பரை அடித்துப் பொத்தானை அமுக்குவேன். சீட்டு வரும். கிழித்துக் கொடுப்பேன். வேலை அவ்வளவுதான்.

நான் எட்டாவதோடு நின்றவன். அதன்பிறகு கரிமூட்டம், விறகை மண்ணால் மூடிப் புகையவைத்துக் கரியாக்குகிற வேலை. அப்பாவும் கரிமூட்டம்தான். எங்கள் வீட்டில் காத்தாடிக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் நான். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது என் மச்சான், வீட்டுக்காரியின் அண்ணன். மேடைக்கு எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். மேடை போட்டபோது இரும்பு வேலை முழுக்க அவர்தான் செய்தது. வேலை முடிந்ததும் ஆள் வேண்டும் என்று முதலாளி கேட்டிருக்கிறார். என்னைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார்.

"படிப்பு கொஞ்சந்தான் மொதலாளி. ஆனா கை சுத்தம். எம் மாப்ளங்கிறதுக்காகச் சொல்லல" என்றார்.

அப்படிச் சொன்ன மனுசனைத்தான் நான் சந்தேகப்பட்டேன்.

முதலில் சின்னதாகத்தான் ஆரம்பித்தது. மேடை காலியாக இருக்கும். பெட்டியில் சைபர். கம்ப்யூட்டரில் மட்டும் ஏதோ ஒரு எண் வரும், போகும். கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டர் மரம் மாதிரி நின்றுவிடும். எதை அமுக்கினாலும் அசையாது. அணைத்துப் போட்டால் ஓடும். மறுபடி நிற்கும். லாரிக்காரர்களுக்குப் பொழுது போயிற்று.

"அண்ணே, மேடையில யாரோ நிக்கிறாகபோல. எறங்கச் சொல்லுங்க. நாங்க ஏறணும்."

"பேயா இருந்தா எட காட்டாதுடா. இது நல்லாத் தின்ன பேயி."

நான் சிரிக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் எனக்கு. திரும்பவும் போய்க் கரிமூட்டத்துப் புகையில் நிற்க என்னால் ஆகாது.

கவனித்துப் பார்க்க ஆரம்பித்தேன். பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. மச்சான் பட்டறையில் இருந்தால்தான் எண் துள்ளியது. அவர் வெளியூர் போன அன்றைக்குத் துள்ளவில்லை. பட்டறை வாசலில் குந்தி வேலை பார்ப்பார். முகத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட மறைப்பு. வேலைக்கு நடுவில் அதை நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டு மேடைப் பக்கம் பார்ப்பார். நான் கம்ப்யூட்டரைப் பார்ப்பேன். எண் அப்போதுதான் துள்ளி அடங்கியிருக்கும். திரும்ப அவரைப் பார்ப்பேன். சிரித்துக் கையைத் தூக்குவார்.

கண் பட்டுவிட்டது என்று நினைத்தேன். வேறு என்ன நினைக்க. அதே சமயத்தில் மகளுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு அடித்தது. சினையாட்டுக்குக் குட்டி கலைந்தது. ஒன்றோடு ஒன்றைச் சேர்த்து முடிச்சுப் போட்டேன். முடிச்சுப் போடுவதற்குப் படிப்பு வேண்டியதில்லை.

நரிக்குடிப் பக்கம் ஒரு கோடாங்கி குறி சொல்வார். வீட்டில் சொல்லாமல் போனேன். வெத்திலையைத் தரையில் பரப்பிவைத்து என்னைப் பார்த்தார்.

"எதுத்தாப்புல யாரு?"

"என் மச்சான்தான்யா. பட்டற வச்சிருக்காக."

"நெருப்புத் தொழிலு."

"ஆமாய்யா."

"நீ உக்காந்திருக்கிற எடத்துல அவுகளுக்குப் புழக்கம் உண்டா?"

"மேடையே அவுக போட்டதுதான்யா."

கண்ணை மூடிக்கொண்டார். உடுக்கையை மெதுவாகத் தட்டினார். "தகடு கெடக்குப்பா. செம்புத் தகடு. கட்டடத்துக்குப் பின்னால தேடு. உச்சிப்பொழுதுல எடு. ஓடுற தண்ணியில விட்டுரு. திரும்பிப் பாக்காத."

அவர் கேட்க நான்தான் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இப்போது தெரிகிறது. அப்போது அப்படியே நம்பினேன். ஏனென்றால் அறைக்குப் பின்னால் சுவரை ஒட்டி ஒரு சதுரக் கல் மூடி இருந்தது. நான் வேலைக்கு வந்த நாளிலிருந்து இருந்தது. என்ன ஏது என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் தெரியாதவன் என்று ஆகிவிடும். தெரியாததைக் கேட்காமல் இருப்பதுதான் அந்த நாற்காலியைக் காப்பாற்றும் வழி என்று வைத்திருந்தேன்.

மறுநாள் உச்சிவெயிலில், வண்டி இல்லாத நேரம் பார்த்து, கல்லைப் புரட்டினேன். கடப்பாரையால் தோண்டினேன். மண் எலும்பு மாதிரி காய்ந்துகிடந்தது. முழங்கை ஆழத்துக்கும் கீழே கரி வந்தது. கரிக்கு அடியில் உப்பு, கட்டி கட்டியாக. மறுபடி கரி. மறுபடி உப்பு. இடுப்பளவு தோண்டியபோது கடப்பாரை இரும்பில் பட்ட மாதிரி சத்தம் கேட்டது. செம்புத் தகடு. பச்சை பூத்து, சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிதாக. அதில் தடித்த கம்பி முறுக்கிக் கட்டியிருந்தது. கம்பி சுவருக்குள் போனது.

கட்டு என்றால் இதுதான் கட்டு என்று நினைத்தேன். என்னையும் அந்த அறையையும் சேர்த்துக் கட்டியிருக்கிறது என்று நினைத்தேன். கம்பியை ரம்பத்தால் அறுத்தேன்.

தகட்டில் எழுத்து ஒன்றும் இல்லை. கட்டம் இல்லை. மண் தின்றிருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

ஓடுகிற தண்ணீருக்கு எங்கள் பக்கத்தில் எங்கே போவது. மொபெட்டில் குண்டாற்றுப் பாலத்துக்குப் போனேன். ஆறு முழுக்க மணலும் முள்ளும். தகட்டை மணலில் வைத்தேன். கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து அதன் தலையில் ஊற்றினேன். தண்ணீர் ஒரு சாண் தூரம் ஓடியது. ஓடுகிற தண்ணீர் ஆயிற்று. திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.

அடுத்த நாள் மேடை அமைதியாக இருந்தது. ஒரு எண் துள்ளவில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை கம்ப்யூட்டர் ஒருதடவைகூட நிற்கவில்லை. அன்றைக்கு லைனில் வேலை என்று பகல் முழுக்கக் கரண்ட்டை நிறுத்தியிருந்தார்கள். எங்கள் அறை பேட்டரியில் ஓடியது. எதிர்ப் பட்டறையில் நெருப்புப் பொறி பறக்கவில்லை. மச்சான் சும்மா உட்கார்ந்து பீடி குடித்தார். இதையெல்லாம் நான் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் தகட்டுக்குத்தான் வரவு வைத்தேன்.

சாயங்காலம் டீக்கடையில் மச்சான் இருந்தார். லாரிக்காரர்கள் சிலர் இருந்தார்கள். மகளுக்கு மொட்டையெடுத்துக் காது குத்துவதற்குப் பரளச்சிப் பக்கம் எங்கள் குலசாமி கோயிலில் நாள் குறித்திருந்தது. தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்காரவைத்துத்தான் குத்துவது. அதைப் பற்றித்தான் அவர் பேசிக்கொண்டிருந்தார்.

"வாய்யா மாப்ள. ஒம் மகளுக்குக் கம்மலு பாத்துட்டேன். கல்லு வச்சதா, வெறும் தங்கமா? ஒங்க தங்கச்சியக் கேளுங்கன்னா எம் பொண்டாட்டி, அவளக் கேட்டா நீங்க பாத்துச் செய்யிங்கண்ணேங்கிறா."

நான் உட்காரவில்லை.

"மச்சான், மேடைக்குப் பின்னால தகடு பொதச்சது ஆரு?"

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். "நான்தான் பொதச்சேன். ஏன்?"

இவ்வளவு லேசாக ஒத்துக்கொள்வார் என்று நான் நினைக்கவில்லை.

"உப்பும் கரியும் போட்டு?"

"உப்பும் கரியும் போட்டுத்தான்யா பொதைக்கணும். என்ன கேள்வி இது?"

"நான் சேர்ல உக்காந்தது ஒங்களுக்குப் பொறுக்கல."

அவர் என்னைப் பார்த்தார். விளங்காதவர் முகம். கொஞ்ச நேரம் கழித்து விளங்கியது. விளங்கியபோது முகம் மாறிய விதத்தை நான் பார்த்தேன். அப்போதாவது நான் நிறுத்தியிருக்கலாம்.

"எம் புள்ளய ஒங்க மடியில வைக்க மாட்டேன்" என்றேன். "செய்வினை வச்ச மடியில எம் புள்ள உக்காராது."

அவர் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். ரோட்டைத் தாண்டிப் போனார். ஒரு லாரிக்காரர் மெதுவாக, "என்ன மாப்ள, சொந்த மச்சானப் போயி" என்றார். நான் அவரையும் முறைத்தேன்.

மறுநாள் காலையில் வீட்டுக் கதவைத் தட்டினார். வீட்டுக்காரி தண்ணீருக்குப் போயிருந்தாள். நான் உள்ளே இருந்தேன். மகள் இருந்தாள்.

"மாப்ள, கதவத் தொறய்யா. ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிறேன்."

நான் அசையவில்லை. திரும்பத் தட்டினார்.

"மாமாப்பா" என்றாள் மகள். எழுந்து ஓடப் பார்த்தாள். பிடித்து வாயைப் பொத்தினேன். அந்தச் சின்ன வாய் என் உள்ளங்கைக்குள் "மாமா, மாமா" என்று முட்டியது. வெளியே அவருக்குக் கேட்டிருக்கும். கொஞ்ச நேரம் தட்டினார். பிறகு செருப்புச் சத்தம் தூரத்தில் போனது.

வேலைக்குப் போனேன். கரண்ட் வந்திருந்தது. கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையில் எண்கள் கொதிக்கிற சோறு மாதிரி புரண்டன. இதற்கு முன் அப்படி நடந்ததில்லை. பிறகு கறுப்புத் திரை வந்தது. இங்கிலீஷில் வெள்ளை எழுத்து. அதோடு சரி. கரி லோடு ஒன்று மேடையில் ஏறி நின்றது. பெட்டியில் எடை சரியாகத் தெரிந்தது. கம்ப்யூட்டரில் ஒன்றும் வரவில்லை. அணைத்துப் போட்டேன். அதே கொதிப்பு, அதே கறுப்பு. வண்டிகள் ரோடு வரை நின்றன. முதலாளிக்குச் சொன்னேன். அவர் மதுரையில் மிஷினைப் பராமரிக்கிற கம்பெனி நம்பரைக் கொடுத்தார்.

போனை எடுத்தது ஒரு பெண்.

"ஸ்க்ரீன்ல என்னண்ணே இருக்கு? வாசிங்க."

சன்னலுக்கு வெளியே டிரைவர்கள் முகம் முகமாக நின்றார்கள்.

"அண்ணே?"

"இங்கிலீஷ்ல இருக்குங்க மேடம்."

"ஆமாண்ணே. அதத்தான் வாசிக்கச் சொல்றேன்."

"எழுத்தெழுத்தாச் சொல்றேன்."

"சொல்லுங்க."

"ஐ. ஆர். கியூ."

"கியூவுல நாங்கதான்ணே நிக்கிறோம்" என்றான் சன்னலில் ஒருத்தன். சிரிப்பு.

"அப்புறம் நாலு. அப்புறம் என், ஓ, பி, ஓ, டி, ஒய்." விரலைத் திரையில் வைத்துக்கொண்டேன். "சி, ஏ, ஆர், ஈ, டி."

"போதும்ணே. அப்படியே விடுங்க. எதையும் தொடாதீங்க. வாரேன்" என்றாள்.

கணக்குப்பிள்ளை மாதிரி சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் நான். எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது அன்றைக்கு ரோட்டில் நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்தது. அதுவே பெரிய அவமானம் என்று அப்போது நினைத்தேன்.

காரியாபட்டி வழியாக ஸ்கூட்டியில் வந்தாள், உச்சி சாய்வதற்கு முன்னால். என் வயது இருக்கும். முதலாளியும் வந்துவிட்டார். அவள் திரையைப் பார்த்தாள். சீரியல் கேபிளின் தலையைக் கழற்றினாள்.

"என்ன எழுதிருக்கு மேடம்?" என்றார் முதலாளி.

"யாரும் கண்டுக்கலன்னு எழுதிருக்கு சார். இந்தக் கேபிள் வழியா சேதி வந்தா, கம்ப்யூட்டர் கையில இருக்கிற வேலையப் போட்டுட்டு என்னான்னு வந்து பாக்கும். கதவத் தட்டுனா எந்திரிச்சுப் போற மாதிரி. இப்ப என்னாச்சு, ஓயாமத் தட்டுது. போயிப் பாத்தா ஆளில்ல. மறுபடி தட்டுது. ஒரு வேலையும் ஓடல. கடைசில இது கதவையே மூடிருச்சு. இனி நெசமாவே லோடு வந்தாலும் இதுக்குத் தெரியாது."

"தட்டுறது யாரு?"

"சொல்றேன்." கேபிளைப் பிரித்துக் காட்டினாள். "வேல செய்யிறது மூணு வயருதான். மத்ததெல்லாம் எதுலயும் சேராமச் சும்மா கெடக்கு. சும்மா கெடக்கிற வயருதான் பக்கத்துல எங்க கரண்டு துள்ளுனாலும் வாங்கிக்கிட்டு ஆடும். பக்கத்துல வெல்டிங் நடக்குதா?"

கேபிளைத் திரும்பச் செருகி, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். எல்லாரும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தார்கள். பட்டறையில் மச்சான் ஒரு கேட்டுக்குப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். நீலமாகப் பொறி அடித்தது. திரையில் எண் துள்ளியது. பொறி நின்றது. எண் நின்றது. மறைப்பைத் தூக்கிவிட்டு, பற்று சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தார். நிமிர்ந்தபோது இத்தனை பேர் தன்னைப் பார்ப்பதைக் கண்டார். மறைப்பை இறக்கிக்கொண்டார். பொறி. எண்.

"வெல்டிங் இத்தன வருசமா நடக்குதே மேடம்" என்றார் முதலாளி.

"எர்த்து நல்லா இருந்தா அத மண்ணு இழுத்துக்கிரும் சார். கோடையில எர்த்துக் குழி காஞ்சிருந்தா கொஞ்சமா ஆடும். ஆனா இந்த ஆட்டம் ஆடாதே. எர்த்து எங்க போட்டிருக்கு?"

"பின்னால. செம்புத் தகடு போட்டு, உப்பு, கரி எல்லாம் போட்டு நல்லாத்தான் போட்டோம். எதுத்தாப்ல பட்டறக்காரருதான் பொதச்சாரு."

அவர்கள் பின்னால் போனார்கள். நான் அறையிலேயே நின்றேன். உப்பு, கரி, தகடு. அந்த மூன்று வார்த்தையையும் முதலாளி சந்தையில் சாமான் சொல்கிற மாதிரி சொன்னார்.

"எவன்டா தோண்டுனது?" பின்னாலிருந்து முதலாளி குரல்.

போனேன். குழி திறந்து கிடந்தது. அறுத்த கம்பி சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நின்றது.

"நான்தான் மொதலாளி."

"எதுக்கு?"

டீக்கடையில் இருந்த லாரிக்காரன் ஒருத்தன் பின்னால் வந்து நின்றிருந்தான். "செய்வினைன்னு எடுத்துட்டாரு மொதலாளி. அவுக மச்சான் வச்ச செய்வினையாம்."

அந்தப் பெண் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. முதலாளி சிரிக்கவில்லை.

"தகடு எங்க?"

"குண்டாத்துல போட்டேன்."

"ஆத்துலயா?"

"ஓடுற தண்ணியில போடச் சொன்னாக."

"குண்டாத்துல எங்கடா தண்ணி ஓடுது?"

"பாட்டில்ல கொண்டுபோயி ஊத்துனேன் மொதலாளி."

அப்போது எல்லாரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். சிரித்ததால் என் வேலை பிழைத்தது என்று நினைக்கிறேன். நான் குழியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாலு பேருக்கு முன்னால் அடி வாங்கியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அவள் வேலையைப் பார்த்தாள். சும்மா கிடந்த வயர்களை வெட்டிக் கட்டினாள். கம்ப்யூட்டரில் ஏதோ எழுதினாள். எழுதிக்கொண்டே எனக்குச் சொன்னாள். நான் சங்கடப்படக் கூடாது என்றுதான் பேச்சுக் கொடுத்தாள்.

"வேண்டாத தட்டல ரெண்டு விதமாச் சமாளிக்கணும்ணே. அந்த வயருல இருந்து வந்தா எந்திரிக்காதன்னு மொதல்லயே சொல்லி வச்சிறணும். அதையும் மீறி வந்துச்சுன்னா, ஒருதடவ போயி யாருன்னு பாத்து அனுப்பி வச்சிறணும். பாக்கலன்னு வைங்க, அது அங்கயே நின்னு தட்டிக்கிட்டே இருக்கும்."

"சரிங்க மேடம்" என்றேன். காலையில் என் உள்ளங்கையில் முட்டிய வாய் ஞாபகம் வந்தது.

"எட நெசமா இருந்தா ஒரே நம்பர திரும்பத் திரும்பச் சொல்லும். ஒருதடவ சொல்லிட்டு மாத்துனா அத எடுத்துக்காதன்னும் எழுதிட்டேன். ஆனா இன்னிக்கே எர்த்து போட்டுருங்க. இல்லாட்டி மழைக்கு மின்னுச்சுன்னா பெட்டியே போயிரும்."

முதலாளி என்னைப் பார்த்தார். "ஒம் மச்சான நீயே போயிக் கூட்டிட்டு வா."

அந்த ரோடு அகலமே இல்லை. எதிர்ப் பக்கம் பேசினால் இந்தப் பக்கம் கேட்கும். அன்றைக்குத் தாண்ட முடியவில்லை. போகிற பஸ்ஸுக்கெல்லாம் வழிவிட்டு நின்றேன்.

பட்டறை வாசலில் நின்றேன். அவர் பற்றவைத்துக்கொண்டே இருந்தார். கண் கூசியது. நகரவில்லை. பற்றுக் கம்பி தீர்ந்த பிறகுதான் மறைப்பைத் தூக்கினார்.

"மச்சான். எர்த்து போடணுமாம்."

"ஆரு சொன்னது?"

"மொதலாளி."

"மொதலாளி சொன்னா வாரேன்."

புதுத் தகடு டவுனிலிருந்து வந்தது. அவரே குழியில் இறங்கினார். கடப்பாரைக்குக் கை நீட்டினேன். கொடுக்கவில்லை. கம்பியை முறுக்கினார், முடுக்கினார். கரி போட்டார். உப்பு போட்டார். நான் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடத்தை மட்டும் வாங்கினார்.

"வாரத்துக்கு ஒருக்கவாது தண்ணி ஊத்தச் சொல்லுங்க மொதலாளி. ஈரம் இல்லாட்டி இது வெறும் குழிதான். இதுக்கு முன்னாடியும் சொன்னேன். ஆரும் ஊத்தல" என்றார். என்னிடம் சொல்லவில்லை. ஊற்ற வேண்டியவன் நான்தான்.

முதலாளி போன பிறகு சொன்னேன். "மச்சான், பெரிய தப்பு நடந்துபோச்சு."

குழி ஓரத்தில் உட்கார்ந்து கையைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"தகடு கெடக்கட்டும்யா. தகடப் பாத்தா எவனும் பயப்படத்தான் செய்வான். நானும் பயந்திருப்பேன். புள்ளய எதுக்கு இழுத்த?"

காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு மறுபடி தண்ணீருக்குப் போனேன்.

வீட்டுக்குப் போனால் அங்கே எல்லாம் தெரிந்திருந்தது. டீக்கடையில் பேசியது, கதவு திறக்காதது, குண்டாற்றில் பாட்டில் தண்ணீர் ஊற்றியது. வீட்டுக்காரி சோறு வைத்தாள். எதிரே நின்றாள்.

"எங்கண்ணன் மடி இல்லாட்டி எம் மகளுக்குக் காதே குத்த வேணாம். மூளியாவே கெடக்கட்டும். ஆராச்சும் ஏன்னு கேட்டா, எங்கப்பன் வாயால குத்திட்டான், அதுவே போதும்னு சொல்லட்டும்."

நான் சோற்றில் கை வைக்கவில்லை.

வெத்திலை பாக்குத் தட்டோடு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் இல்லை. அவர் சம்சாரம் வாசலில் நின்றார்கள். முறைக்கு அக்கா.

"அக்கா, மச்சான வரச் சொல்லணும். மடி அவுகளுதுதான்."

"அவுகட்டச் சொல்றேன். வச்சுட்டுப் போங்க."

உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. அந்த வீட்டில் நான் செருப்பைக் கழற்றாமல் திரும்பியது அதுதான் முதல் தடவை.

வருவார் என்றும் சொல்லவில்லை, வரமாட்டார் என்றும் சொல்லவில்லை. இடையில் இருந்த நாட்களில் எதிரும் புதிருமாகத்தான் வேலை பார்த்தோம். அவர் பற்றவைத்தார். எண் துள்ளவில்லை. நான் குழிக்குத் தண்ணீர் ஊற்றினேன். மறைப்பைத் தூக்குகிறபோது அவர் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. முன்பு பார்த்தால் பயந்தேன்.

குறித்த நாளில் கோயிலுக்குப் போனோம். வெட்டவெளி. வேம்புக்கடியில் சாமி. மொட்டை எடுத்துச் சந்தனம் பூசியாயிற்று. பொங்கல் பொங்கியாயிற்று. காது குத்துகிற ஆசாரி வந்து ஊசியைத் துடைத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மணையைப் போட்டு வைத்திருந்தது. மணை காலி. சொந்தக்காரர்கள் மணையைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள். ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

"நேரம் போகுதுல்ல?" என்றார் ஆசாரி. "ஏலே, பெரியப்பன் சித்தப்பன் ஆராச்சும் உக்காருங்க."

வீட்டுக்காரி பிள்ளையை இடுப்பைவிட்டு இறக்கவில்லை. "எங்கண்ணன் வராம எறக்க மாட்டேன்."

மினி லாரிச் சத்தம் கேட்டது. சீர்த்தட்டுகளோடு அக்கா முதலில் இறங்கினார்கள். பழம், தேங்காய், புதுப்பாவாடை, கம்மல். பின்னால் அவர். வெள்ளை வேட்டி. யாரையும் பார்க்காமல் நேரே வந்து மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கையை நீட்டினார். மகள் தாவினாள்.

"மாமா, வலிக்குமா?"

"எறும்பு கடிக்கும்ல, அம்புட்டுத்தான். மாமனக் கெட்டியாப் பிடிச்சுக்க."

ஆசாரி ஊசியை எடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன். எப்படி நிற்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வெயிலுக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றிருக்கிறேன். அவர் தலையைத் தூக்கவில்லை. பிள்ளையின் காதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஒங்கப்பாவக் கொஞ்சம் நகரச் சொல்லு தாயி. வெளிச்சத்த மறைக்கிறாக."

மகள் என்னைப் பார்த்து உரக்கச் சொன்னாள். "அப்பா, நகருவியாம். மறைக்கிறியாம்." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் நகர்ந்தேன்.

அன்றிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. பந்தியில், "ஒங்கப்பாவச் சாப்புடச் சொல்லு." பட்டறையிலிருந்து, "கிரீஸ் டப்பாவ ஒங்கப்பா எடுத்துட்டுப் போனாகளான்னு கேட்டுட்டு வா." லீவு நாளில் அவள் என்னோடு மேடைக்கு வந்தால், லாரிக்காரர் யாராவது கையைப் பிடித்து ரோட்டைத் தாண்டவிட, இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் சேதி கொண்டுபோவாள். ஒரு சொல் தவறவிட மாட்டாள். அவள் காது வழியாகத்தான் அவர் என்னிடம் பேசுகிறார். மரியாதைக் குறைவாக ஒருநாளும் பேசியதில்லை. மற்ற ஆட்களிடம் என்னைப் பற்றிக் கேலி பேசியதாகவும் கேள்விப்படவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லி முடித்திருப்பேன்.

போன வாரம் மகள் கேட்டாள். "நீயே போயிக் கேக்க மாட்டியா? எனக்குக் கால் வலிக்குது."

"போறேன்" என்றேன்.

அறை வாசல் வரை போனேன். அவர் மறைப்பை இறக்கியிருந்தார். நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டேன்.